முதுகுக்குப் பின்னால் வந்த கடல்

யூரோ வந்த மறுவருடக் கோடையில் நாங்கள் போன உல்லாசக் கப்பல், ஜெர்மனியின் வடகடலோர மீன்பிடி ஊரொன்றின் துறைமுகத்தில் நின்றது. அது வற்று நேரம்; கரையோரம் கடல் உள்வாங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

“தூரப் போகாதேங்கோ,” என்றாள் மனைவி.

“முழங்காலளவு பரவைக்கடலிலை நடந்து திரிஞ்ச யாழ்ப்பாணத்தானுக்குக் கடல் தெரியாதோ?”

சிப்பி பொறுக்கியபடி வெகுதூரம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது, நான் வந்த வழியிலிருந்த பள்ளத்தில் கடல் பெருகி ஆறுபோல ஓடியது. இறங்கினேன், இடுப்புவரை ஏறிக் காலை இழுத்தது. ஊரில் கடல் முன்னாலிருந்துதான் வரும். இது முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி வீசிக் கத்தினேன்.

அந்தப் பள்ளத்தின் வழியே வந்த இறால் படகிலிருந்த ஒரு பெண் கயிறெறிந்து என்னை இழுத்தெடுத்தாள். கரையில் மனைவி என் செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

இன்றைக்கும் “எனக்குத் தெரியும்” என்று சொல்ல வாயெடுத்தால், இடுப்பில் அந்தத் தண்ணீர் குளிர்கிறது.