கூடை தலையில், தடம் தோளில்

போன வருடம் மார்கழி. பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. விலங்கியல் படித்துவிட்டு, ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சொந்த ஊரான லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தே போய்வருகிற வேலை, அதுவும் பறவை பார்க்கிற வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்பே எழுந்து, எல்லோருக்கும் முன்னால் படகடிக்குப் போய் நிற்பேன்.

ஒரு நாள் காலை, படகில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது வலது கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயின. பேனா நழுவி ஏரியில் விழுந்தது. கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். மரப்பு போகவில்லை. எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர். அவர் அக்கறையாகத்தான் சொன்னார்: "உனக்கு முடியலைன்னா அடுத்த சீசன்ல இருந்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாரும்மா." ஏரியை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாத ஆபீஸ் அது.

காரணம் எனக்குத் தெரியும், வெளியில் சொல்லத்தான் வாய் வராது. இப்போது சொல்லிவிடுகிறேன். என் மார்பகங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து, என் ஒல்லி உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் அவை வளர்ந்தன. ஓட்டப் பந்தயத்தை விட்டேன். குனிந்து நடக்கப் பழகினேன். கழுத்து, தோள், நடு முதுகு என்று வலி ஊர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் மார்பின் அடியில் வேர்த்துப் புண்ணாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி, சாக்லேட் மாதிரி பையில் வைத்திருந்தேன். மார்பகத்தின் அளவைக் குறைக்க அறுவை சிகிச்சை உண்டு என்பதையும், அதை வலிக்காகவே பலர் செய்துகொள்கிறார்கள் என்பதையும் போனில் தேடித் தேடிப் படித்திருந்தேன்.

அந்த வாரமே ஒரு டாக்டரிடம் போனேன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அறைக்கும் காத்திருக்கிற பெஞ்சுக்கும் நடுவில் பாதித் திரைதான். நான் மெதுவாகச் சொன்னேன். அவர் சத்தமாகக் கேட்டார்.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல சார்."

"ஆகட்டும். ஒரு குழந்தை பெத்தா எல்லாம் சரியாயிடும்."

குழந்தை பெற்றால் இன்னும் பெரிதாகத்தானே ஆகும் சார் என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக, ஆபரேஷன் இருக்கிறதாமே என்றேன். அவர் சிரித்தார். "அவனவன் பொண்டாட்டிக்கு இல்லன்னு கவலைப்படுறான். நீ இருக்கிறத அறுக்கணும்ங்கிற. போய் உங்கப்பாவைக் கூட்டிட்டு வா, பேசலாம்." திரைக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் தோளை அவர் பார்க்கவில்லை. கை மரத்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு ஓட்டுப் போடுகிற வயது வந்து பல வருடம் ஆகிறது, ஆனால் என் முதுகு வலியைப் பற்றிப் பேச நைனா வர வேண்டுமாம். வெளியே வந்து ஸ்கூட்டியை எட்டி உதைத்தேன். பாவம், அது என்ன செய்யும்?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் விற்பவள். கரையில் ஏலம் எடுத்து, கூடையில் போட்டுத் தலையில் வைத்து, தெருத்தெருவாகப் போவாள். சாயங்காலம் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தைலம் தேய்க்கச் சொல்வாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அந்த வலி உண்டு. அதற்குக் 'கூடை வலி' என்றே பெயர். தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருவாயா என்று.

"இன்னாடி பேசற? எங்கம்மா எனக்குக் குடுத்தா, நான் உனக்குக் குடுத்தேன். எனக்குந்தான் நோவுது. நான் இன்னா அறுத்தா போட்டேன்?"

"உனக்கு நோவுதுன்னா எனக்கும் நோவணுமா?"

"நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவனுக்கு இன்னா சொல்றது?"

"முதுகு வலி இல்லாத பொண்ணுன்னு சொல்லு."

அம்மா என் கையைத் தட்டிவிட்டு, வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டாள். அதற்கு மேல் பேசமாட்டாள் என்று அர்த்தம்.

நர்ஸாக இருக்கிற என் கல்லூரித் தோழிதான் வழி சொன்னாள். சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அங்கேயே இதைச் செய்கிறார்கள், போ என்றாள். அந்தப் பிரிவு தீக்காயத்துக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆபரேஷன் என்றால் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பெண்கள் வார்டில் நைனா தங்க முடியாது, அம்மாவை விட்டால் எனக்கு யார்? முதுகுக்கு எக்ஸ்ரே என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிற ஆம்பளையை 'எங்க போற' என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். ஆனால் பஸ் ஏறப் போகிற பெண்ணை ஊரே கேட்கும். அன்றைக்கும் கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இவளுக்கு எக்ஸ்ரே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கே எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். கதவைச் சாத்தினார். முதலில் என்னை உட்காரச் சொல்லி, "எங்க வலிக்குது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு டாக்டர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று விடாமல் சொன்னேன். எதற்கு வந்திருக்கிறோம் என்பது அங்கேதான் அம்மாவுக்குப் புரிந்தது. என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து வரைந்தார். கொழுப்பு மட்டும் அதிகமாக இருந்து தோல் தொய்யாமல் இருந்தால், சின்னத் துளை போட்டு உறிஞ்சி எடுக்கலாம். தழும்பு குறைவு, ஆனால் தொய்வு சரியாகாது. இரண்டாவது வழி, காம்பைச் சுற்றி வட்டமாகவும் அங்கிருந்து நேராகக் கீழேயும் வெட்டி, உள்ளே இருக்கிற சதையைக் குறைத்து, காம்பை மேலே ஏற்றித் தைப்பது. என்னைப் போல நிறையக் குறைக்க வேண்டியவர்களுக்கு, அதோடு மார்பின் அடி மடிப்பிலும் ஒரு வெட்டு வரும்.

"பார்க்க நங்கூரம் மாதிரி இருக்கும்" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நங்கூரத்துக்கு நுனியில கொக்கி இருக்கும் மேடம். இது மொட்டையா இருக்குது. மணல்ல நிக்காது."

டாக்டர் சிரித்துவிட்டுக் கொக்கியும் போட்டுக் காட்டினார். பிறகு சிரிக்காமல் மற்றதையும் சொன்னார். தழும்பு மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். இரண்டு பக்கமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவு வராது. எடை கூடினாலும் பிள்ளை உண்டானாலும் மறுபடி பெரிதாகலாம். பின்னால் குழந்தைக்குப் பால் குறையலாம், சிலருக்கு வராமலும் போகலாம். குழந்தை பெற்ற பிறகு செய்துகொள்கிறவர்களும் உண்டு.

"கேட்டியா?" என்றாள் அம்மா, ஜெயித்த குரலில்.

டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. "நீ என்ன நினைக்கிற?" என்று என்னிடம் கேட்டார்.

"பால் பத்தலைன்னா புட்டிப் பால் குடுத்துக்கிறேன் மேடம். குழந்தையைத் தூக்குறப்ப கை மரக்கக் கூடாது."

"சரி. கையெழுத்து நீ போட்டாப் போதும். அவசரமில்ல, யோசிச்சு வா." சொல்லிவிட்டு, தோளைப் பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டார். உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி, என் இரண்டு தோளிலும் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. டாக்டரின் விரல் அதில் பதிந்தது. நான் கதவைச் சாத்திக் குளிக்க ஆரம்பித்த பிறகு அம்மா என் தோளைப் பார்த்ததே இல்லை. கிட்டே வந்து, அந்தப் பள்ளத்தை அவளும் விரலால் தடவினாள்.

"இது கூடை வலி மேடம். எனக்கும் இருக்குது. எங்க தெரு பொம்பளைங்க முக்காவாசி பேருக்கு இருக்குது."

"உங்க பொண்ணு கூடை தூக்குறாளா?"

"அவ ஏன் தூக்கறா? படிச்ச பொண்ணு."

"நீங்க கூடையை எங்க வைப்பீங்க?"

"தலையில. சும்மாடு சுத்தி."

"அப்போ தடம் ஏம்மா தோள்ல இருக்கு?"

அம்மா மாராப்பை விலக்கி, ரவிக்கைத் தோளைக் கீழே இழுத்துக் காட்டினாள். என்னுடையதைவிட ஆழமான பள்ளம். கறுத்து, காய்த்து, சங்கிலி இழுபட்ட மரத்தில் விழும் தடம் மாதிரி இருந்தது. தலைச்சுமையும் கழுத்தைக் கெடுக்கத்தான் செய்யும், ஆனால் இந்தப் பள்ளத்துக்கும் தோள் வலிக்கும் பெரிய காரணம் மார்பின் கனம்தான் என்றார் டாக்டர்.

"இத்தினி வருஷமா நான் கூடையத் திட்டிகினு இருந்தேன்" என்றாள் அம்மா.

பிறகு, புடவையைச் சரிசெய்துகொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "எனக்கு இப்ப பண்ணுவாங்களா மேடம்? இல்ல, வயசாயிடுச்சா?"

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா இதே வலிக்காக டாக்டரிடம் போகாதவள் இல்லை. எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை, எத்தனை 'கனம் தூக்காதம்மா'. தூக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஒருவர், ஒரே ஒருவர், ரவிக்கையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிப் பார்த்திருந்தால் போதுமே.

வயது தடையில்லை என்றார் டாக்டர். நாற்பது தாண்டியதால் முதலில் மேமோகிராம் எடுக்க வேண்டும், அம்மாவுக்கு இருக்கிற சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகையிலையை அடியோடு நிறுத்த வேண்டும். அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும், தையல் சேராது, காம்பே கறுத்துப்போகலாம். அம்மா வாயில் அடக்கியிருந்ததை எங்கே துப்புவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தாள்.

எனக்கான ஏற்பாடுகள் நடந்தன. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மார்பு ஸ்கேன், பதிவுக்காக முகம் வராமல் போட்டோ. நான் சாக்லேட்டாகத் தின்ற வலி மாத்திரைகளை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அவற்றில் சில ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துமாம். அம்மா கொடுத்த லேகியத்துக்கும் அதே தடை. எடையை ஏற்றாமல் இறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கையைத் தூக்கி உடை மாற்ற முடியாது என்பதால் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள் தைத்தோம், முன்னால் கொக்கி வைத்த இறுக்கமான பிரா வாங்கினோம். பரண் மேலிருந்த சாமான்களை நான் எட்டுகிற உயரத்துக்கு அம்மாவே இறக்கி வைத்தாள். நைனாவிடம் விஷயத்தைச் சொன்னவளும் அம்மாதான். எப்படிச் சொன்னாளோ, அவர் என்னிடம் வந்து, "நான் கூட வரட்டுமா நைனா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

அட்மிட் ஆகப் போன காலையில் அம்மாவின் ஏலக் கூட்டாளி எதிரே வந்தாள். "இன்னா மூட்டையும் முடிச்சுமா? எங்க போறீங்க?"

அம்மா நடையை நிறுத்தவில்லை. "தொழிலுக்குப் போறோம். கேக்காத."

அவள் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டாள். கடலுக்குப் போகிற ஆம்பளைக்குக் கொடுக்கிற மரியாதை அன்று எங்களுக்குக் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது சொர்க்கமெல்லாம் தெரியவில்லை. வலித்தது. பக்கவாட்டில் ரத்தம் வடிய இரண்டு குழாய்கள். மல்லாந்தேதான் தூக்கம். ஒன்றரை மாதம் குடம்கூடத் தூக்கவில்லை, ஏரித் தண்ணீரில் கால் வைக்கவில்லை. அம்மாதான் தலை வாரிவிட்டாள். இடது காம்பில் இன்னும் உணர்ச்சி சரியாக வரவில்லை, நங்கூரத் தழும்பும் சிவந்தே இருக்கிறது. ஆனால் முதல் முறை எழுந்து நின்றபோது முதுகு தானாக நிமிர்ந்தது. நான் நிமிர்த்தவில்லை, அதுவாக நிமிர்ந்தது. இந்த மார்கழியில் மறுபடியும் படகில் நிற்கிறேன். பைனாகுலர் கழுத்தில், பேனா கையில்.

அம்மா புகையிலையை விட்டுவிட்டாள். விட்ட எரிச்சலில் தினமும் என்னோடு சண்டை. மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. சர்க்கரை இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருகிறார்கள். ஏலக் கூட்டாளியும் வந்தாள். மீன் விலை பேசுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், போகிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, "இத்தக் கொஞ்சம் பாரேன்" என்று தோளைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பள்ளங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதித் திரையும், அதற்கு வெளியே கேட்ட சிரிப்பும் ஞாபகம் வருகின்றன. ஒரு பெண் வலிக்கிறது என்று சொன்னால், எங்கே என்று கேட்பதற்கு முன் கல்யாணம் ஆச்சா என்று கேட்கிறவர்கள் இருக்கிறவரை, இந்தக் கோபம் எனக்கு ஆற வேண்டாம்.