பக்கத்து இருக்கையில் ஒரு சோடிச் செருப்பு

என்னைவிட வயது கூடிய, இரண்டே இருக்கைகள் கொண்ட ஓர் இத்தாலியச் சிவப்புக் கார் என்னிடம் இருக்கிறது. என் சம்பளத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தின்றுவிட்டு, முரசுமோட்டை வீதியில் வந்து நின்றுவிடும். அப்போதெல்லாம் அதைத் தள்ளிவிடுபவர் ஒரு முன்பள்ளி ரீச்சர்.

மெலிந்த உடம்பு, பூப்போட்ட குடை. தள்ளுமுன் செருப்பைக் கழற்றிக் குடையோடு பக்கத்து இருக்கையில் வைப்பார். செருப்போடு தள்ளினால் வழுக்குமாம். அந்த இருக்கையில் ஒருநாளாவது அவரை ஏற்றிச் செல்லவேண்டும் என்பது என் ஆசை. ஏறியதென்னவோ செருப்புத்தான். ஒருமுறை எஞ்சின் உயிர்பெற்றதும், நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்ற பயத்தில், செருப்பையும் குடையையும் பரந்தன் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அவர் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனாராம்.

மறுநாள் எஞ்சின் பாடிக்கொண்டிருந்தது. அவரருகே நிறுத்தி, குடையையும் செருப்பையும் நீட்டினேன்.

“ஏறுங்கோ ரீச்சர், நான் கொண்டுபோய் விடுறன். சத்தத்தைக் கேளுங்கோ, என்ன வடிவு!”

“ஓம் அண்ணை, வடிவுதான்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “ஆனா இப்ப நிண்டிட்டுதே.”

நின்றுதான் விட்டது. பழக்கத்தில் பக்கத்துக் கதவைத் திறந்து, செருப்புக்காகக் காத்திருந்தேன். அவரோ சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் போனார்.

“வேண்டாம் அண்ணை. வழுக்கினாலும் பரவாயில்லை, செருப்போடயே தள்ளுறன்.”

என்னையும் நம்பாமல், காரையும் நம்பாமல், அது ஓடும் என்று மட்டும் எப்படி நம்பித் தள்ளுகிறார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.