பெருவிரலுக்குள் ஒரு கம்பி

செருப்பு கடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சிவகாசியில் அதைத் தைத்துக் கொடுத்தவர் அளவு எடுக்கும்போதே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். போய்ச் சண்டை பிடித்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினேன். அதுவும் கடித்தது. இடது பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனது. ஒரு வருடத்தில் அந்த இடம் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்துவிட்டது. விரலோ சாய்ந்து பக்கத்து விரலின் மேல் ஏறப் பார்த்தது.

இதே கோளாறோடு இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செருப்புக்காரரைத் திட்டாதீர்கள். சிலருக்கு மூட்டின் வாகே அப்படி என்று பின்னால் டாக்டர் சொன்னார். என் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனி. எனக்கும் என் மனைவி சரசுவின் தம்பி காசிராஜனுக்கும் கூட்டு. ஆர்டர், கணக்கு, லாரி லோடு எல்லாம் அவன் பொறுப்பு. ஷெட்டுகள் என் பொறுப்பு. காலையில் வாசலில் நின்று உள்ளே வரும் ஒவ்வொருவரையும் சோதிப்பேன். செருப்பு வெளியே. சாவி, ஊக்கு, பாக்குவெட்டி, கொண்டை ஊசி எல்லாம் வெளியே. இரும்பு தரையில் உரசிப் பொறி பறந்தால் வெடிமருந்து கலக்கும் ஷெட்டில் ஆள் மிஞ்சாது. பெண்களைச் சோதிக்க ஒரு அம்மாளை வைத்திருந்தோம். அவர் பார்த்து அனுப்பியவர்களையும் என் முன்னால் இன்னொரு முறை முந்தானையை உதறச் சொல்வேன். சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு, வேறென்ன சொல்ல.

அறுவைச் சிகிச்சை பற்றி நான் யோசிக்கவே இல்லை. மூட்டில் எண்ணெய் தேய்த்தேன், செருப்பில் ஓட்டை வெட்டினேன். பிறகு ஒருநாள் காயப்போட்டிருந்த வெடிச் சரத்தில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், நாலு எட்டில் பெருவிரல் மடங்கி விழுந்தேன். மருந்து கலக்கும் முத்துக்கருப்பன் திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓட முடியாதவர்கள் ஷெட்டுக்குள் நிற்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதன்படி நான்தான் முதலில் வெளியே போக வேண்டும்.

காசி வீட்டுக்கு வந்தான். "அத்தான், பேசாம ஆபரேஷன் பண்ணிக்கிடுங்க. தீபாவளி சீசனுக்குள்ள எந்திரிச்சிருவீக. அதுவரைக்கும் ஷெட்ட நான் பாத்துக்கிடுதேன்."

கடைசி வார்த்தை எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பயந்தாங்கொள்ளி அவன். மருந்து கலக்கும் ஷெட்டுக்குள் அதுவரை காலே வைத்ததில்லை. அவனுக்கு எதற்கு இந்த அக்கறை? என்னை ஓரங்கட்டப் பார்க்கிறான் என்று சரசுவிடம் சொன்னேன். "ஒங்களுக்கு யாரத்தான் பிடிக்கும்?" என்றாள் அவள்.

வாரம் ஒருநாள் மதுரையிலிருந்து விருதுநகர் வரும் எலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தோம். அவர் எக்ஸ்ரே (எலும்பைக் காட்டும் படம்) எடுத்து விளக்கினார். புடைத்ததைச் செதுக்கி, விரலின் அடி எலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்து, விரலை நேராக்க வேண்டும். ஆறும்வரை அது அசையாமலிருக்க உள்ளே ஒரு கம்பி.

"என்ன கம்பி?" என்றேன்.

"உருக்குக் கம்பி. சில வாரம் கழிச்சு உருவிடலாம்."

"பித்தளையில போட முடியாதா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஷெட்டில் எல்லாமே மரமும் பித்தளையும்தான். அவர் சிரித்ததில் எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. ஆனாலும் விழுந்து கிடந்ததை நினைத்து ஒத்துக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்). தூங்கச் சொன்னார்கள். தூங்கினால் என்ன செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? விழித்துக்கொண்டே கிடந்தேன். வலி இல்லை, ஆனால் எலும்பை வெட்டும் சத்தம் கேட்டது. என் கால்தான் என்று தெரிந்தும் யாருடையதோ போல இருந்தது. அந்த உணர்ச்சி உங்களுக்கும் வரும், பயப்பட வேண்டாம். மரப்பு விட்ட பிறகு வருகிற வலிக்குத்தான் பயப்பட வேண்டும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

வீட்டில் படுத்திருந்த நாட்கள் கால்வலியைவிட மோசம். விரல் நுனியில் கம்பியின் முனை வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கம்பெனியில் என்ன நடக்கிறதோ என்று கறுவிக்கொண்டிருப்பேன். காசி வருவது குறைந்தது. ஒருநாள் என்னைப் பார்க்க வந்த பஸ் கண்டக்டர், "ஒங்க மச்சினன் நேத்து விருதுநகர்ல அந்த எலும்பு டாக்டர் ஆஸ்பத்திரி முன்னால எறங்குனாரே" என்றார். என்னிடம் சொல்லாமல் என் டாக்டரிடம் அவனுக்கு என்ன பேச்சு? இன்னும் ஆறு மாதம் படுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லப் போயிருப்பான். அவனிடம் கேட்கவில்லை. மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

கம்பியை உருவியபோது பெரிதாக வலிக்கவில்லை. கேட்டு வாங்கிப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டேன். முழுசாக வந்துவிட்டதா என்றேன். டாக்டர் மறுபடி படம் எடுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். அது என் கால்தானா என்று கேட்டேன். அவர் பொறுமைசாலி. படத்தை என் காலோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார்.

நடக்கத் தொடங்கியதும் கம்பெனிக்குப் போனேன். கலக்கும் ஷெட்டின் முன்னால் முத்துக்கருப்பன் வழியில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "மொதலாளி, தப்பா நெனைக்கக் கூடாது. கம்பிய எடுத்தாச்சுல்லா? பொம்பளைக பயப்படுதாக" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் மறித்திருப்பேன். வரும் மருந்தில் இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தம் வைத்திருப்போம். ஆபீஸிலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் என் காலில் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். இழுக்கவில்லை. முத்துக்கருப்பன் முகம் தெளிந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். என் புத்தி விடுமா? பையிலிருந்த பஞ்சைப் பிரித்து, உருவிய கம்பியைக் காந்தத்தில் வைத்தேன். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. அது துருப்பிடிக்காத உருக்கு, காந்தத்துக்கு மசியாது என்பது பின்னால்தான் தெரிந்தது. கம்பியையே இழுக்காத காந்தம் காலுக்குள் இருப்பதை எப்படிக் காட்டும்? என் வாயாலேயே, "அப்ப நான் உள்ள வரக் கூடாது" என்றேன். இருபது வருடமாக எனக்கிருந்த ஒரே இடம் அது.

காசி ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான். "கம்பிய உருவுன பெறகு எடுத்த படத்த நானும் டாக்டர்ட்ட போய்ப் பாத்தேன். ஒண்ணும் கிடையாது. அப்படியே இருந்தாலும் தோலுக்குள்ள இருக்கது தரையில எப்படி உரசும்?" என்றான். சட்டத்தில் தோலைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றினான். சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்தான். "வாங்கத்தான். நானும் உள்ள நிக்கேன்" என்று முத்துக்கருப்பனைத் தாண்டி ஷெட்டுக்குள் போய், பின்சுவரை ஒட்டி நின்றான். முகமெல்லாம் வேர்வை. முத்துக்கருப்பன் வழி விட்டார். நான் உள்ளே கால் வைத்ததும், "நீங்க வாசப்பக்கமே நில்லுங்க" என்றான்.

"என்னய வெளியத் தள்ளுறதுலயே குறியா இருக்கியாலே?" என்று கத்திவிட்டேன்.

"இந்த சீசன் முடியிற வரைக்கும் ஒங்களால ஓட முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதக் கேக்கத்தான் நீங்க படுத்திருந்தப்ப விருதுநகர் போனேன். ஓட முடியாதவரு வாசல்கிட்ட நிக்கட்டும், நான் ஓடி வந்திருவேன்" என்றான்.

அந்தச் சீசன் முழுவதும் மருந்து கலக்கும் நேரமெல்லாம் அவன் உள்ளே நின்றான், நான் வாசலில் நின்றேன்.

என் பெருவிரல் இப்போது கொஞ்சம் குட்டை. நேராக இருக்கிறது, ஆனால் தரையில் முழுசாக ஊன்றுவதில்லை. வெறுங்காலோடு நிற்கும்போது சிமெண்டின் குளிர்ச்சி மற்ற விரல்களுக்கே முதலில் தெரிகிறது. எந்த இடத்துக்குப் போனாலும் இருக்கிற இடத்திலிருந்து வாசல் எத்தனை எட்டு என்று அந்தக் கால்தான் முதலில் பார்க்கிறது. இது ஆறிய பிறகும் போகாது. உங்களுக்கும் ஏதோ ஒன்று இப்படி மிஞ்சும்.

மறு வருடம் சீசன் தொடங்கியதும் கலக்கும் ஷெட்டு வாசலில் நின்று, "மாப்ளே, நான் ஓடுவேன். நீ வாசப்பக்கம் வா" என்றேன்.

"ஓடிக் காட்டுங்க, பாப்போம்" என்றான். என்னிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்ட சந்தேகம்.

ஷெட்டுக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடினேன். விரல் மடங்கவில்லை. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். வாசல் பக்கம் என் இடம் காலியாகவே இருந்தது. காசி பின்சுவரை ஒட்டி அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.