பனமலை ஏரியில் முதலை பார்த்தது

கல்யாணமான நான்காவது மாதம் என் கணவர் என்னை முதலை பார்க்க அழைத்துப்போனார். விழுப்புரத்தில் சினிமாக் கொட்டகை இருந்தது. பஸ் ஏறினால் புதுச்சேரியில் கடல் இருந்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு அதெல்லாம் பாமரர்களின் பொழுதுபோக்கு.

"பனமலை ஏரில முதலை வெயில் காஞ்சிக்கினு கெடக்குதாம். வெளிநாட்டுப் பறவைங்ககூட வந்து எறங்கியிருக்குதாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். அப்புறம் அப்பீல் ஏது?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மேலதிகாரியிடம் இரவல் வாங்கிய பைனாகுலர் அவர் கழுத்தில் தொங்கியது. புளிச்சோற்றுத் தூக்கும் தண்ணீர்க் கூஜாவும் என் கையில் தொங்கின. பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டுப்புடவையில் வேர்க்கடலைச் செடி உரச, மல்லாட்டைக் கொல்லை வரப்பில் இரண்டு மைல் நடந்தேன். முதலை நேரம் குறித்துக் கொடுத்திருந்ததுபோல அவர் முன்னால் விரைந்தார்.

ஏரி நிறையத் தண்ணீர். கரையேறியதும் வெள்ளையாக ஒரு பறவை எழுந்து பறந்தது.

"பாத்தியா? சைபீரியாலேர்ந்து வந்தது!"

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "அது மடையான் கொக்குங்க சார். வருசம் பூரா இங்கதான் மேயுது."

அவர் காதில் அது விழவில்லை. பைனாகுலரில் எதிர்க்கரையைத் துழாவி முதலையையே பிடித்துவிட்டார். "பன்னெண்டு அடி இருக்கும். அசையாத" என்று கிசுகிசுத்தார். அரைமணி நேரம் அசையாமல் நின்றோம். முதலையும் அசையவில்லை. எனக்கும் ஒரு நிமிடம் பைனாகுலர் கிடைத்தது. முதலைமேல் காக்கை உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. புதுப்பெண் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தப் பனமரத்தையா இம்மா நேரம் பாத்துக்கினு இருக்கீங்க? வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்ததுங்க அது."

அவர் பைனாகுலரைத் துடைத்தார். குற்றம் கண்ணாடியுடையதாம்.

"அப்ப முதலையே இல்லியா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லாம என்னம்மா? மதகாண்ட பாரு." அரிவாளால் காட்டினாள். எங்களுக்கு நேர் கீழே, கல்லெறி தூரம்கூட இல்லை, சேற்றில் சாம்பல் நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நான் அதைப் பாறை என்று நினைத்திருந்தேன்.

இதைப் பார்க்க என் கணவருக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை. நான் திரும்புவதற்குள் கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். எனக்கும் ஓட ஆசைதான். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா. கீழ எறங்காம நின்னா அது ஒண்ணும் பண்ணாது."

நின்றோம். அது நிதானமாக வாயை மூடியது. வயிற்றைச் சேற்றில் இழுத்தபடி தண்ணீருக்குள் போனது. அலைகூட எழவில்லை. நான்கு மாதத்தில், யாருடைய விளக்கமும் இல்லாமல் நானே கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். பயமெல்லாம் போய் ஏனோ சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

மறுபக்கம் கீழே ஒரு பனைமரத்தடியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஆளுங்கள கூட்டியாரலாம்னு ஓடினேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் முதலை பதினான்கு அடியாக வளர்ந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், என்னை அதன் வாயிலிருந்து இழுத்துக் காப்பாற்றியும் விட்டார். நான் காபி கொடுத்தபடி தலையாட்டினேன்.

குழாயடியில்தான் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "நெஜமாவே பாத்தியா? எப்பிடி இருந்திச்சி?"

"பரவால்லக்கா," என்றேன், "நம்மகிட்ட ஒரு வார்த்த வெளக்கம் சொல்லல."