அம்மா குடித்த தண்ணீர்

எங்கள் அம்மா உப்பைத் திருடித் தின்பாள். சோறு இறங்காது, நடந்தால் தலை சுற்றும். உப்புக் கல்லை மட்டும் மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொள்வாள். மேனி வேறு நாளுக்கு நாள் கறுத்துவந்தது, உள்ளங்கை ரேகை உட்பட. எல்லாம் உப்பால் வந்த வினை என்று எங்கள் ஊர் குருவிநத்தமே தீர்ப்புச் சொல்லிவிட, அப்பா உப்புச் சாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். அதன்பிறகு அம்மா படுத்த படுக்கையானாள்.

வண்டி கட்டிக்கொண்டு பாகூர் வைத்தியசாலைக்குப் போனோம். வெள்ளைக்காரர் ஆட்சிதான் என்றாலும் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த டாக்டர் நம்மவர். அம்மாவைச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கவைத்தார். "குடிச்சதுல மதியத்துக்குள்ள எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்கணும்" என்று ஒரு பீங்கான் சட்டியையும் கொடுத்தார். பெண் துணை என்று இருந்தது சின்னஞ்சிறு பெண்ணான நான்தான்.

வெயில் ஏறியது. சட்டி காய்ந்தே கிடந்தது. அம்மாவுக்குத் தலைவலி வந்தது, பிறகு வாந்தி. பேச்சும் குழறியது. தம்பிப் பாப்பாவுக்குச் செய்வதுபோல அவள் காதருகே "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று ஓசை கொடுத்துப் பார்த்தேன். வாயோரம் லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

ஜன்னலில் அப்பா. "இன்னாடி, வந்துச்சா?"

"இல்லப்பா."

அவர் முகம் செத்துப்போனது. தண்ணீர் வராவிட்டால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று யாரோ காதில் ஓதிவிட்டிருந்தார்கள். "நீ போயி அதுல குந்து. அம்மாதுன்னு சொல்லிடலாம். சீக்கிரம்டி."

குந்தினேன். தினமும் பாயை நனைத்து அடி வாங்குகிறவள் நான். அன்று பார்த்து ஒரு சொட்டு வரவில்லை. பயத்தில் அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

டாக்டர் காய்ந்த சட்டியையும் அம்மாவின் கண்ணையும் பார்த்தார். உடனே ஊசி, உப்புநீர் என்று அறை பரபரத்தது. அம்மா தெளிந்து என் பேரைச் சொன்ன பிறகுதான் அப்பாவிடம் பேசினார்.

"சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, அது கெட்டுப்போயிருக்கு. அதனால உடம்புல உப்பு தங்கல. குடிச்ச தண்ணியையும் வெளியேத்த முடியல. இந்தம்மாவுக்கு உப்புதான்யா உசுரு. சட்டி நிறைஞ்சிருந்தா இந்த வியாதி இல்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அப்பா சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

சொன்ன ஒரு வேலையைக்கூடச் செய்யத் தெரியாத பெண் என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்து, "நாளைக்கி கட்டாயம் வரும்பா" என்று சமாதானம் சொன்னேன்.