மலாயா வேலைக்குத் தைத்த கோட்

தம்பி கண் மூடிய வேளையில் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அம்மா, தலைமாட்டில். தம்பியின் மனைவி, வலது பக்கம், கையைப் பிடித்தபடி. அவர்களுடைய மகள், தாயை ஒட்டி. பங்குச் சுவாமி, ஜெபப் புத்தகத்தோடு. முன்வீட்டு முஸ்லிம் நானா, வாசற்படியில், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. நான், கால்மாட்டில்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட இடம் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஓராண்டுப் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் வேண்டும், அதில் அண்ணன்தான் எழுத வேண்டும் என்று சுவாமி சொன்னார். நான் நாலாம் வகுப்பு வரை போனவன். பிழைகளைச் சுவாமி திருத்துவார். இறந்தவரை அவர் என்று மரியாதையாக எழுத வேண்டும் என்றும் சொன்னார். தம்பியை நான் வாயால் அப்படிச் சொன்னது கிடையாது. இங்கே எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில். எனக்கு இரண்டு வயது இளையவர். நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். லயத்துக்குப் பின்னால் பழைய காப்பிச் செடிகள் கொஞ்சம் நின்றன. பழம் பறித்து வர அம்மா எங்கள் இருவரையும் அனுப்புவார். தம்பி பழமாகவே கொண்டுவருவார். நான் கொண்டுபோவதில் பாதி காயாக இருக்கும்.

“பெரியவனே, ஒனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? சின்னவனைப் பாரு, எப்பிடிப் பறிச்சிருக்கான்னு,” என்பார் அம்மா.

‘சின்னவனைப் பாரு’ அன்றைக்குத் தொடங்கியது.

அப்பா போன பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு நாவலப்பிட்டிக்கு வந்தார். சுவாமியார் வீட்டில் சமையல் வேலை. மிச்சச் சோறு எங்களுக்கு. நான் வளர்ந்ததும் ரயில் எஞ்சின் கொட்டகையில் எஞ்சின் துடைக்கும் வேலைக்குப் போனேன். நான் மேஸ்திரியிடம் சொல்லித்தான் தம்பியையும் சேர்த்தார்கள். எண்ணெய்க் கந்தை பிடிக்கவும், சாம்பல் குழியில் இறங்கவும், சூடான இரும்பைக் கை படாமல் சுற்றிவரவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதையும் எழுதிவைக்க வேண்டும்.

மலாயா ரயிலில் கரி போடுகிறவனுக்கு வீடு தருவார்கள், சில வருடத்தில் எஞ்சின் ஓட்டவே விடுவார்கள் என்று கொட்டகையில் பேச்சு. எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அம்மா ஒரு சொல் வைத்தார்.

“வேலை கையில கெடைக்கட்டும். அப்புறம் கப்பல் ஏறு. போய்த் தேடிக்கலாம்னு போனா என் மொகத்துல முழிக்காத.”

காரணம் சித்தப்பா. அப்பாவின் தம்பி. அவர் வேலை இல்லாமல் பினாங்குக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்ததாகக் கேள்வி. பிறகு கேள்வியும் இல்லை.

ஆகவே நான் காத்திருந்தேன். சும்மா இருக்கவில்லை. நாவலப்பிட்டி பொலிஸில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்து அவருடைய பாஷையில் எண்ணப் படித்தேன். சாத்து, டுவா, தீகா. தண்ணீருக்கு ஆயர். நெருப்புக்கு ஆப்பி. துரை முன்னால் போய் நிற்க ஒரு கோட் வேண்டும் என்று கண்டியில் துணி எடுத்துத் தைத்தேன். பழுப்புத் துணி. தம்பி அதை விரித்துப் பார்த்தார்.

“அண்ணே, இந்த நெறமா கேட்டு வாங்குனீங்க?”

“ஏன், தொரைமாரு போடுற நெறந்தானே?”

“நல்ல துணிதான்,” என்றார். மடித்து வைத்துவிட்டார்.

மலாயா ரயிலுக்கு ஆள் எடுக்கிற துரை கண்டிக்கு வந்திருக்கிறார், மற்ற இடமெல்லாம் கொழும்பிலேயே நிரம்பிவிட்டது, இன்னும் ஒரே ஓர் ஆள்தான் வேண்டும் என்று மேஸ்திரி ஒருநாள் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார். நான் புறப்பட்டேன். தம்பி லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

“நீ எதுக்குடா?”

“சும்மா. கண்டியைப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

கம்பளையில் ரயில் நின்றது. மேடையில் ஒரு பெண் பழக் கூடையோடு நின்றாள்.

“அண்ணே, அந்தப் பொம்பளை என்ன நெறச் சேலை கட்டியிருக்கு?” என்று தம்பி கேட்டார்.

தலையில் ஒன்று வைத்தேன். “வேலைக்குப் போறப்ப பொம்பளை சேலையைப் பாக்கச் சொல்றியா? செபம் சொல்லுடா.”

தம்பி தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கண்டியில் துரை என் கையைப் பார்த்தார். எவ்வளவு காலம் கொட்டகை வேலை என்று கேட்டார். கரி வாரும் சவளைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். தலையை ஆட்டினார். அடுத்த அறையில் டாக்டர். பறங்கியர். தமிழ் கொஞ்சம் பேசுவார். நெஞ்சைத் தட்டினார், பல்லைப் பார்த்தார், தூரத்து எழுத்துகளைக் காட்டினார். எல்லாம் சரி. தம்பி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

பிறகு டாக்டர் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். கம்பளி நூல் துண்டுகள், ஒரு குவியல். அதிலிருந்து ஒன்றைத் தனியே வைத்தார்.

“இது பச்சை. இந்த மாதிரி எல்லாம் எடு.”

நான் ஒரு நூலில் கை வைத்தேன். பின்னால் தம்பி இருமினார். திரும்பிப் பார்த்ததில் அந்த நூல் கைவிட்டுப் போயிற்று. பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். இன்னொன்றில் கை வைத்தேன். மறுபடி இருமினார். முறைத்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அடுத்ததைத் தொட்டேன். சத்தமாக இருமினார்.

“அவனுக்கு என்ன, வருத்தமா?” என்று டாக்டர் கேட்டார்.

எனக்குப் பயம் வந்தது. நோயாளிக் குடும்பம் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

“ஐயா முன்னால இருமாத. வெளிய போ,” என்றேன்.

“அண்ணே—”

“போடா வெளிய.”

போனார்.

நான் எடுத்து வைத்ததை டாக்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். “இது பச்சையா?” “ஆமாங்க ஐயா.” “இது?” “அதுவுந்தாங்க.” அவர் பெட்டியில் நூலை அள்ளிப் போட்டார்.

“நீ எஞ்சின்ல ஏறக் கூடாது. சிவப்பு வெளக்கும் பச்சை வெளக்கும் உனக்கு ஒண்ணு. ஆள் சாகும்.”

நான் நம்பவில்லை. கைகாட்டி மரம் நேராக நீட்டினால் நிற்க வேண்டும், இறங்கினால் போகலாம். பகலில் அதைப் பார்த்தே பழக்கம். அந்த நூல்களில் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த மனிதனாலும் முடியாது, ஆளைக் கழிக்க இது ஒரு தந்திரம் என்று நினைத்தேன்.

நான் வெளியே வந்தேன். துரையும் வந்தார். தம்பியைப் பார்த்தார். இவனும் அதே கொட்டகையா, இவனை உள்ளே விடு என்றார்.

“வேணாம் அண்ணே. வாங்க, ஊருக்குப் போவோம்,” என்றார் தம்பி.

“போடா உள்ள. ரெண்டு பேரும் வெறுங்கையோட போனா அம்மாவுக்கு என்ன சொல்றது?”

நல்ல மனதோடு சொன்னதாக வாசிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். தம்பியும் தோற்பார், இரண்டு பேரும் சமமாகத் திரும்புவோம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

நான் கோட்டைப் போட்டுக் கடைசிப் பொத்தானுக்கு வருவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். பின்னால் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். கண் கோளாறு எனக்குத்தான் என்று அப்போது தெரிந்தது.

திரும்பி வரும் ரயிலில் தம்பி அழுதார். வேலை கிடைத்தவர் அழுகிறார், கிடைக்காதவன் சும்மா இருக்கிறேன். எதிரில் இருந்தவர்கள் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

புறப்படும் நாளில் அம்மா என் கோட்டை எடுத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டார்.

“கப்பல்ல குளுரும். பெரியவனோடது சும்மாதானே கெடக்கு.”

கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டார். நாவலப்பிட்டி ஸ்டேசன் மேடையில் தம்பி என்னிடம், “அண்ணே, அந்த எண்ணிக்கையைச் சொல்லித் தாங்க,” என்றார். சாத்து, டுவா, தீகா. ரயில் நகரும்வரை சொல்லிக்கொடுத்தேன். படித்தவன் மேடையில் நின்றேன். பாஷை ரயிலேறிப் போயிற்று.

மலாயாவில் தம்பி முதலில் கரி போட்டார். பிறகு எஞ்சின் ஓட்டினார். குடிக்கவில்லை. ஞாயிறு பூசை விடவில்லை. மாதம் தவறாமல் அம்மாவுக்கு எழுதினார். லீவில் வந்து கலியாணம் செய்தார். ஊரில் யாருக்காவது அங்கே வேலை வேண்டும் என்றால் தம்பி முதலில் வேலையைப் பேசி முடிப்பார், பிறகுதான் கப்பலேறச் சொல்வார். அம்மாவின் சொல்லை அவர் மற்றவர் பிள்ளைகளுக்கும் காப்பாற்றினார். அப்படிப் போனவர்களும் இதை வாசிப்பார்கள். தம்பி நல்லவர் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற படம் அவர் அங்கே போன புதிதில் எடுத்து அனுப்பியது. எல்லோரும் எடுப்பான படம் என்கிறார்கள். கோட் என்னுடையது. கை நீளமாக இருப்பதைப் பார்த்தால் தெரியும். படத்தில் நிறம் தெரியாது. அது பழுப்பே இல்லை, நல்ல இலைப்பச்சை என்று தம்பியின் மனைவி பிறகு சொன்னார்.

தம்பி அனுப்பிய பணத்தில் அம்பிட்டியவில் வீடு கட்டினோம். கல் சுமந்து கொத்து மேஸ்திரியோடு நின்றது நான். அதுவரை அம்மா நாவலப்பிட்டியில் என்னோடும் என் மனைவியோடும் இருந்தார். வீடு முடிந்ததும், “சின்னவன் வீட்டுக்குப் போறேன்,” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சின்னவர் அப்போது மலாயாவில். அங்கே அவர் இல்லாவிட்டாலும் அது சின்னவன் வீடு. நான் பக்கத்திலேயே இருந்தும் பெரியவன்தான்.

ரப்பர் விலை விழுந்து மலாயாவில் ஆட்களைக் குறைத்தபோது தம்பியையும் நிறுத்தினார்கள். மனைவியோடும் மகளோடும் திரும்பி வந்தார். நெஞ்சு நோயும் கூட வந்தது. அவர் வந்து இறங்கிய நாளில், இனி நாம் சமம் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஊர் முழுவதும் பார்க்க வந்தது. எனக்குக் காய்ச்சல் கண்டால் நாவலப்பிட்டியில் பக்கத்து வீட்டுக்காரர்கூட வருவதில்லை.

கடைசி மாதங்களில் ஞாயிறுதோறும் கொட்டகையிலிருந்து ரயிலேறிப் போவேன். அவர் துப்பப் படிக்கம் பிடிப்பேன். அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிறு தம்பிக்கு இருமல் அடங்கவேயில்லை. அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, வெளிய போகட்டா?”

எனக்குப் புரியவில்லை. “படுத்திரு. எங்க போகப் போற?”

“கண்டியில டாக்டர் ரூம்ல சொன்னீங்கல்ல. இருமாத, வெளிய போன்னு.”

“அன்னைக்கே ஒனக்கு நெஞ்சுல இருந்திருக்கு. யாரும் பாக்கல.”

தம்பி சிரித்தார். சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது. காத்திருந்தேன்.

“அன்னைக்கு எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே. ஒங்க கை சரியான நூல் மேல போறப்ப இருமினேன். இதுதான், எடுங்கன்னு. நீங்க அதை விட்டுட்டு அடுத்ததை எடுத்தீங்க.”

நான் படிக்கத்தைக் கீழே வைத்தேன்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“காப்பிப் பழம் பறிச்ச நாள்லயிருந்து.”

“சொல்லியிருக்கலாமேடா.”

“அண்ணன் கண்ணு சரியில்லன்னு தம்பி எப்பிடிச் சொல்றது? கோட்டுத் துணியைக் கேட்டுப் பாத்தேன். ரயில்ல சேலையைக் கேட்டுப் பாத்தேன். அடிச்சீங்க.”

“மலாயா ஆசை ஒனக்கு இல்லையா?”

“எனக்கு எதுக்கு? நீங்க போனா, ஒங்க எடத்துல கொட்டகையில கொஞ்சம் பெரியாளா இருக்கலாம்னு நெனைச்சேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “சின்னவனைப் பேச விடாத பெரியவனே,” என்றார்.

அதற்குப் பிறகு தம்பி அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் நற்கருணை வாங்கினார். வெள்ளிக்கிழமை அமைதியாகப் போனார்.

மலாயாவும் வீடும் அம்மாவும் தம்பிக்குப் போனதை நான் இத்தனை வருடம் தாங்கினேன். இது தாங்கவில்லை. தெரியாமல் கைகொடுப்பது தம்பிக்கு அண்ணன் செய்ய வேண்டியது. அதிலும் அவர் முந்திவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள். கடைசி ஜெபம் சொன்ன சுவாமிக்கு. நோயில் வந்து பார்த்துக் காசு வாங்காத டாக்டருக்கு. வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிய முன்வீட்டு நானாவுக்கும் அவர் வீட்டாருக்கும். கண்டியிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வந்து பெட்டி தூக்கிய எஞ்சின் கொட்டகை ஆட்களுக்கு. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தம்பியின் மனைவிக்கு. அம்மாவுக்கு.

தம்பிக்கு, அவர் இருக்கும்வரை நான் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அந்த அறையில் அவர் எனக்காக இருமியது மூன்று தடவை.