தையல்சிட்டும் என் ஃப்ளாஷும்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். நானும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதாவும் ஒரே மாதிரி கேமரா வாங்கினோம். அவள் எடுத்த தையல்சிட்டுப் படத்தை மட்டும் முதலாளி ஆபீஸில் மாட்டிவிட்டார். கண் பளிச்சென்று, இறக்கை மட்டும் புகை மாதிரி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எப்படி எடுத்தாய் என்று அவளிடமே கேட்டேன்.

"ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வச்சு, கடைசில ஃப்ளாஷ் போட்டனுங்கக்கா" என்றாள். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்குப் பின்னால் பாதாம் மரத்தில், எங்கள் வேஸ்ட் நூலாலேயே இலையைத் தைத்து ஒரு சிட்டு கூடு கட்டியிருந்தது. கூட்டை மறைத்த இலைகளை எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டினேன். சாயங்காலம் தாய் இரையோடு வரும்போதெல்லாம் ஃப்ளாஷ் அடித்தேன். நான்காவது முறை பறந்துபோனது, திரும்பவே இல்லை. உள்ளே குஞ்சுகள் கத்தின. மதில்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

எலாஸ்டிக்கை அறுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் கவிதாவையே கூப்பிட்டேன்.

"ஏனுங்கக்கா, கூட்டுக்கிட்டயா ஃப்ளாஷ் போட்டீங்க? சிட்டு தண்ணித் தொட்டிக்கு வந்தப்ப நான் எடுத்தனுங்க" என்றாள்.

காக்காயை விரட்டிவிட்டு இருவரும் தள்ளி நின்றோம். இருட்டுவதற்குள் தாய் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் கூடு இருக்கும் பக்கம் கேமராவையே எடுப்பதில்லை. அன்று எடுத்த படங்களைக் கவிதா வருவதற்கு முன்பே வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். அதில் ஒன்று, ஆபீஸில் அவள் படம் தொங்குகிறதே, அதைவிட அருமையான படம். சொன்னால் யார் நம்புவார்கள்?